கட்ச் மண், கரிசல் குழி

குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், பூஜ், மாண்ட்வி, அப்டாசா பக்கமெல்லாம் தரையைத் திறந்துபோட்டு ஒரு களிமண்ணை வெட்டி எடுக்கிறார்கள். குழிக்குக் குழி நிறம் மாறும். சாம்பல், பழுப்பு, பச்சை ஓடிய மஞ்சள். சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருகிய காலத்துப் பாறையும் சாம்பலும் சிதைந்து நொய்ந்து உண்டான மண் அது. வெட்டிய கட்டிகளைக் களத்தில் பரப்பி வெயிலில் காயவிடுகிறார்கள். சில குழி மண்ணில் இயல்பாகவே சோடியம் தூக்கலாக இருக்கும். கால்சியம் தூக்கலான மண்ணாக இருந்தால் சோடா உப்பைக் கலந்து பிசைந்து சோடியத்தை ஏற்றுவார்கள். அப்புறம் மில். 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் மாவாக அரைபட்டு, 50 கிலோ சாக்கில் ஏறும்போது அதன் பெயர் பென்டனைட்.

அங்கிருந்து அதன் பிழைப்பு பல திசைகளில் பிரிகிறது. காண்ட்லா, முந்த்ரா துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறிப் போவது உண்டு. வார்ப்பட ஆலைகளில் அச்சு மணலை உதிராமல் பிடித்துவைக்கிறது. எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்துக்குப் போகிறது. இரும்புத் தாதுவை உருண்டை பிடிக்க உதவுகிறது. வெளிநாட்டு வீடுகளில் பூனை ஒதுங்கும் தட்டிலும் கிடக்கிறது. காற்றாலை, டிரான்ஸ்ஃபார்மர் வேலை பார்ப்பவர்கள் எர்த் குழியில் கொட்டுவதும் இதைத்தான். நாம் பின்னாலேயே போகப்போகும் மூட்டை தெற்கே வரும் லாரியில் ஏறியது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டம். இறங்கிய இடம், மணியாச்சிக்கும் கோவில்பட்டிக்கும் இடைப்பட்ட கரிசல் காட்டில், ஓடையின் குறுக்கே பாலம் கட்டும் ஒரு சைட். எந்தப் பாலம் என்று கேட்க வேண்டாம். ஓடைக்கரையில் பைல் எனும் கான்கிரீட் தூணை ஆழமாக இறக்கும் எந்த இடத்திலும் மூட்டையின் கதை ஏறக்குறைய இதுதான்.

மணியாச்சி என்றதும் 1911 ஜூன் 17-ம், ரயில் பெட்டியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனும்தான் எல்லோருக்கும் நினைவு வரும். ஊருக்கு அதனால் பெயர் கிடைத்தது. பெயர்ப் பலகையிலும் வாஞ்சி ஏறினார். ஆனால் ஊரைச் சுற்றி இப்போது கேட்கும் சத்தம் ஜேசிபி சத்தம். வாஞ்சி மணியாச்சியிலிருந்து நாகர்கோவில் வரையிலான இரட்டை ரயில் பாதை 2024 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ரயில் கூடினால் லெவல் கிராசிங்கில் காத்துக்கிடக்கும் நேரமும் கூடும். மேம்பாலம் கேட்கும் குரலும் கூடும். மேற்கே கோவில்பட்டி, கயத்தாறு வழியாக 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. கிழக்கே எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி போகும் 38-ம் எண் சாலை. இரண்டுக்கும் நடுவே ஊர்ச் சாலைகள், அவற்றை வெட்டிக்கொண்டு போகும் ஓடைகள். வருடத்தில் முக்கால்வாசி நாள் ஆட்டுக்குக்கூடத் தண்ணீர் தராத ஓடைகள்தான். 2023 டிசம்பர் 17, 18-ல் அவை என்ன செய்தன என்பதைத் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் பக்கம் மண் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அதைப் பார்த்த பிறகு, பாலத்தின் கால் எவ்வளவு ஆழத்தில் ஊன்றியிருக்கிறது என்று கேட்காத ஆளில்லை. வெள்ளம் பறிக்கும் ஆழத்தையும் தாண்டிக் காலை இறக்கத்தான் பைல்.

இந்த மண்ணில் கால் ஊன்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் முழங்கை வரை கையை விடலாம். ஐப்பசி மழை விழுந்ததும் வெடிப்பெல்லாம் மூடி, மண் உப்பி மேலே எழும். மாட்டு வண்டிச் சக்கரத்தைப் பிடித்தால் விடாது. ஈரத்தைப் பொத்திவைக்கும் இந்தக் குணத்தால்தான் பருத்தியும் உளுந்தும் கம்பும் மானாவாரியாக விளைகின்றன. விவசாயிக்கு வரமானது கட்டடம் கட்டுகிறவனுக்குச் சாபம். ஆண்டுதோறும் உப்பி வற்றும் இந்த ஆட்டம் மேல் மூன்று, மூன்றரை மீட்டரோடு நின்றுவிடும். அதற்குக் கீழே ஈரம் பெரிதாக மாறுவதில்லை. பழைய கொத்தனார்களுக்குப் புத்தகம் தெரியாது, இது தெரியும். கரிசலைத் தாண்டிச் சுக்கான் எனும் சுண்ணாம்புக் கல் தட்டும்வரை வெட்டு என்பார்கள். 1947-ல் தொடங்கப்பட்ட ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதையே சின்னக் கட்டடங்களுக்கான தொழில்நுட்பமாக்கியது. குறுகலான துளையைப் போட்டு, அடியில் மட்டும் இரண்டு, இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குடைந்து, கான்கிரீட்டை நிரப்புவது. மேல் மண் உப்பிப் பைலைத் தூக்கப் பார்த்தால், அடியில் இருக்கும் குமிழ் பிடித்துக்கொள்ளும். அண்டர்ரீம்டு பைல் என்று பெயர். கரிசல் மண்ணில் அதன் நீளம் மூன்றரை மீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது இந்தியத் தரநிலை. பைல்களின் மேல் ஓடும் பீமுக்கும் தரைக்கும் நடுவே கை புகும் சந்து விடச் சொல்கிறது. கீழிருந்து மண் எழும்பினாலும் பீமில் முட்டாது.

வீட்டுக்கு அது போதும். கன்டெய்னர் லாரி ஏறும் பாலத்துக்குப் போதாது. அங்கே ஒரு மீட்டர் விட்டத்தில், பதினைந்து மீட்டரோ அதற்கும் மேலோ இறங்க வேண்டும், பாறைக்குள் குடைந்து, சாக்கெட் எடுத்து உட்காரும்வரை. பாறை மேலாகவே கிடந்தால் பைலே வேண்டாம், திறந்த அஸ்திவாரம் போதும். இந்தப் பக்கம் பல இடங்களில் அப்படித்தான். வறண்ட, இறுகிய கரிசலில் துளை தானாகவே நிற்கும். பென்டனைட்டுக்கு வேலை இருக்காது. ஓடைக்கரையில்தான் வம்பு. மேலே கரிசல், அதற்குக் கீழே சரளையும் சுக்கானும், நடுவில் எங்கோ பழைய ஓடை விட்டுப்போன மணல், அதில் ஊற்று. தோண்டத் தோண்ட மணல் சரிந்து உள்ளே விழும். மேல் சில மீட்டருக்கு இரும்புக் கேசிங் இறக்கலாம். அதற்குக் கீழே துளையை யார் பிடித்துக்கொள்வது? அதற்குத்தான் கட்ச் மூட்டை.

மூட்டைகளை இறக்குவதைக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் சைட் இன்ஜினீயரிடம் கேட்டார்:

“எங்க காட்டுல இல்லாத மண்ணா தம்பி? லாரி வச்சு மண்ணு கொண்டாரீகளே!”

“மண்ணு இல்ல அண்ணாச்சி, இது கெமிக்கல்.”

அவர் விடவில்லை. கிழிந்த சாக்கிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, பாட்டில் தண்ணீரைச் சொட்டவிட்டு, விரலுக்கு இடையில் வைத்துத் தேய்த்தார். இழுத்துப் பார்த்தார். கையைக் கைலியில் துடைத்தபோது போகவில்லை. “கரிசல்தான். நெறந்தான் வேற” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அவர் சொன்னதுதான் சரி. பென்டனைட்டில் பெரும்பகுதி மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம். கரிசலை உப்பவும் வெடிக்கவும் வைப்பதும் அதே குடும்பத்துக் கனிமம்தான். கட்ச் மண் எரிமலைப் பாறையிலிருந்து வந்தது. நம் கரிசலுக்கு எரிமலை இல்லை. இரும்புச் சத்துள்ள நைஸ், சிஸ்ட் பாறைகள் அரைகுறை வறட்சியில் யுகக்கணக்கில் சிதைந்து உண்டானது என்பார்கள் புவியியலாளர்கள். வேறு வேறு வயிற்றில் பிறந்தும் குணம் ஒன்றாகிவிட்டது. அதன் துகள் அப்பள அடுக்கு போல. ஒவ்வொரு அப்பளமும் ஒரு நானோமீட்டர் கனம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் நுழைந்ததும் விலகிக்கொடுக்கும். ஒரு கிராம் களியின் அடுக்குகளைப் பிரித்துப் பரப்பினால் ஏறக்குறைய 800 சதுர மீட்டர் வரும். நடுவே கால்சியம் உட்கார்ந்திருந்தால் ஓரளவோடு விலகல் நிற்கும். சோடியம் உட்கார்ந்திருந்தால் அடுக்குகள் கழன்றே போய்விடும். கரிசலில் பெரும்பாலும் கால்சியம். போதாக்குறைக்கு மணல், வண்டல், சுக்கான் பொடி எல்லாம் கலந்தது. அதனால் திரவ எல்லை (லிக்விட் லிமிட்) என்று ஆய்வகத்தில் பார்க்கும் அளவு கரிசலுக்குப் பெரும்பாலும் நூறு சதவீதத்துக்குள் நின்றுவிடும். பைல் வேலைக்கு வரும் பென்டனைட்டுக்கு 400 சதவீதமாவது வேண்டும். தன் எடையைப் போல் நான்கு மடங்கு தண்ணீர் குடித்த பிறகுதான் அது ஓடத் தொடங்க வேண்டும்.

சாலை வேலையில் மண்ணின் இந்தக் குணத்தைப் பிடிக்கும் சோதனை வேடிக்கையானது. பத்துப் பத்து கிராமாக மண்ணை இரண்டு கண்ணாடிக் குழாய்களில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் வைப்பார்கள். மண்ணெண்ணெயைக் கரிசல் சட்டை செய்யாது. தண்ணீரில் எழும்பி நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 50 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மண்ணைச் சாலைக் கரையில் கொட்டக்கூடாது என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதி. ஆக, பைல் குழியிலிருந்து வாரிய கரிசலை லாரி வெளியே கொண்டுபோகிறது. அதன் ஒன்றுவிட்ட தம்பியை இன்னொரு லாரி உள்ளே கொண்டுவருகிறது.

வந்த மூட்டை நேரே குழிக்குள் போய்விடுவதில்லை. முதலில் தொட்டி. ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை, அதாவது நூற்றுக்கு ஐந்து பங்கு. ஒரு மீட்டர் விட்டம், பதினைந்து மீட்டர் ஆழக் குழியின் கொள்ளளவு பன்னிரண்டு கன மீட்டர் வரும்; பன்னிரண்டு மூட்டையும், கையிருப்புக்குக் கொஞ்சமும். மிக்சரில் சுழற்றி, ஓர் இரவு ஊறப்போடுவார்கள். இங்கேதான் கோவில்பட்டி வட்டாரத்தின் பழைய சாபம் குறுக்கே வருகிறது: தண்ணீர். பக்கத்துக் கிணறு உவர்ப்பு. கடினத் தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் பென்டனைட் மலராது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிந்து அடியில் படியும். சோடா உப்பைப் போட்டுக் கடினத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் நல்ல தண்ணீர் டேங்கர். சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணியைக் குழாய் வைத்து இழுத்துக் குடிக்கும் ஊர் கோவில்பட்டி. அந்த வட்டாரத்தில், குடங்களோடு ஆள் நிற்கும் தெருவைக் கடந்து, களிமண்ணுக்குக் குடிதண்ணீர் டேங்கர் போவதைப் பார்த்தால் வாய்விட்டு ஏசத்தான் தோன்றும். ஏசியும் இருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் பரிசோதனை. மார்ஷ் புனல் என்று ஒரு பிளாஸ்டிக் புனல். அடித்துவாரத்தை விரலால் அடைத்துக்கொண்டு கூழை ஊற்றி, விரலை எடுத்து, 946 மில்லிலிட்டர் இறங்க எத்தனை விநாடி என்று செல்போனில் பார்ப்பார்கள். வெறும் தண்ணீர் 26 விநாடியில் இறங்கிவிடும். கூழுக்கு 30-லிருந்து 60 விநாடிக்குள் இருக்க வேண்டும். அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றே கூட, 1.03-லிருந்து 1.10 வரை. லேப் பையன் நோட்டில் எழுதிக்கொண்டதும் வால்வு திறக்கிறது.

குழிக்குள் அது செய்யும் வேலை வேறு வகை. துளையிடும் ரிக்கின் பக்கெட் சுற்றிச் சுற்றிக் கரிசலை, சுக்கானை, மணலைக் கடித்து மேலே கொண்டுவருகிறது. அதே அளவுக்குக் கூழ் உள்ளே இறங்குகிறது. ஊற்று மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் உயரமாவது கூழ் நிற்க வேண்டும். அந்த உயரத்தின் அழுத்தத்தில் கூழ் மணலுக்குள் புகப் பார்க்கும். தண்ணீர் புகுந்துவிடும், களித்துகள் சுவரிலேயே தங்கிவிடும். சில மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தோல் உருவாகும். அந்தத் தோலை உள்ளிருந்து கூழ் தள்ளிக்கொண்டே இருப்பதால் மணல் சரியாது. கேசிங்குக்குக் கீழே குழியை நிறுத்திவைத்திருப்பது அந்தத் தோல்தான். இரும்பு இல்லை, பலகை இல்லை. எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் இதை நெடுங்காலமாகச் செய்துவந்தார்கள். கட்டட அஸ்திவாரத்துக்கு இதைக் கொண்டுவந்ததில் ஆஸ்திரியப் பொறியாளர் கிறிஸ்டியன் வேடருக்குப் பெரிய பங்கு உண்டு. 1950-களில் மிலான் நகரத்துச் சுரங்க ரயிலுக்கு இந்த முறையில் சுவர் எழுப்பினார்கள். சென்னை மெட்ரோ ஸ்டேஷன்களின் நிலத்தடிச் சுவர்கள் எழும்பியதும் இதே வழியில்தான்.

இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. கலக்கும்போது ஓடும், சும்மா விட்டால் இறுகும். மதியச் சாப்பாட்டுக்கு ரிக் நின்றால் கூழ் கெட்டிப்பட்டு, மிதக்கும் மணலை அடியில் விழவிடாமல் பிடித்துக்கொள்ளும். பக்கெட் மறுபடி சுழன்றதும் இளகிவிடும். சிறிய ஒப்பந்தக்காரர்கள் இன்னும் முக்காலி, வின்ச், சிசல் வைத்துத்தான் குத்துகிறார்கள். அதற்கு டி.எம்.சி. முறை என்று பெயர். உடைந்த பாறைத் தூளை அடியிலிருந்து மேலே தூக்கிவருவதும் அங்கே இந்தக் கூழ்தான். வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் வங்காளம், ஜார்க்கண்ட் பக்கத்துப் பையன்கள். முழங்காலுக்கு மேல் கூழ் காய்ந்து வெளுத்திருக்கும்; சாயங்காலம் அதை உரிக்கிற பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

பாறை தட்டியதும் குழியைக் கழுவ வேண்டும். தோண்டிய மண் கலந்து கூழின் அடர்த்தி ஏறியிருக்கும். புதுக் கூழை அடியில் செலுத்திப் பழையதை வெளியேற்றி, 1.12-க்குக் கீழே கொண்டுவந்த பிறகுதான் கான்கிரீட். இந்த இடத்தில்தான் சைட்டில் சண்டை வரும். கான்கிரீட் லாரி வந்து நிற்கிறது, நேரம் ஓடுகிறது, “போதும் சார், கிளீனாத்தான் இருக்கு” என்பார் மேஸ்திரி. கண்ணுக்குத் தெரியாத இடத்து வேலையில் இந்தப் ‘போதும்’ மாதிரி அபாயமான சொல் இல்லை. அடியில் ஒரு சாண் சேறு தங்கினால் பைல் பாறையில் உட்காரவில்லை, சேற்றில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பத்து வருடம் கழித்துப் பாலம் சொல்லும்.

கம்பிக்கூட்டைக் கிரேன் இறக்குகிறது. அதன் நடுவே டிரெமி பைப், அடி வரை. மேலே புனல். கான்கிரீட் பைப் வழியாக அடியில் போய் விழுந்து, கீழிருந்து மேலே எழும்பி வர வேண்டும். கான்கிரீட்டின் அடர்த்தி 2.4, கூழ் 1.1. கனமானது அடியில் நின்று லேசானதைத் தள்ளிக்கொண்டு வரும். பைப்பின் நுனி எப்போதும் கான்கிரீட்டுக்குள் புதைந்தே இருக்க வேண்டும். அவசரத்தில் அதிகமாக உருவிவிட்டால் நடுவில் கூழ் புகுந்துகொள்ளும். பைல் அந்த இடத்தில் இரண்டு துண்டு. சரியாக நடந்தால், குழி வாய்க்கு வரும் கூழைப் பம்ப் உறிஞ்சித் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். பன்னிரண்டு கன மீட்டர் என்றால் இரண்டு லாரி கான்கிரீட். கடைசியில் வருவது கூழும் சிமென்ட்டும் கலந்த இரண்டுங்கெட்டான். அதனால்தான் வேண்டிய மட்டத்துக்கு மேலே அரை மீட்டர், முக்கால் மீட்டர் அதிகம் ஊற்றி, இறுகிய பிறகு பைல் தலையை உடைத்து எடுக்கிறார்கள். உடைத்த தலைக்கு மேலே பைல் கேப், அதற்கு மேலே தூண். கூழ் போட்ட தோல் மட்டும் பைலுக்கும் மண்ணுக்கும் நடுவே எங்கோ ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகிறது. உள்ளே என்ன ஆயிற்று என்பதற்குச் சாட்சி, சுத்தியலால் தட்டி எதிரொலியைக் கணினியில் படிக்கும் சோதனையும், சில பைல்கள் மீது பாரம் ஏற்றிப் பார்ப்பதும். வேலைக்கு வெளியே சோதனைக்கென்றே போடும் பைலில் வடிவமைத்த சுமையைப் போல் இரண்டரை மடங்கு வரை ஏற்றுவார்கள்; வேலையில் சேர்ந்த பைலில் ஒன்றரை மடங்கு.

பாலத்துக்கு ஏறும் அணுகுசாலையின் தாங்குசுவரில், குழிக்குள் உதவிய அதே குணம் எதிரியாகிறது. சுவருக்குப் பின்னால் கரிசலை அடைத்தால், மழைக்கு உப்பிச் சுவரைத் தள்ளும். கோடையில் சுருங்கி வெடிப்பு விடும். அடுத்த மழை அந்த வெடிப்பு வழியாகவே அடி வரை இறங்கி இன்னும் பலமாகத் தள்ளும். சுவருக்கு அடியில் பைல் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அடி நகராது, சுவர் சாயும். பம்பாய் ஐ.ஐ.டி.யில் ஆர்.கே. கட்டி கரிசல் மண்ணோடே வருடக்கணக்கில் மல்லுக்கட்டி ஒரு வழி சொன்னார். உப்பாத, ஆனால் ஒட்டும் தன்மையுள்ள மண்ணை ஒரு மீட்டர் வாக்கில் கரிசலுக்கு மேலே பரப்பி இறுக்கினால், கீழே இருக்கும் கரிசலின் உப்பல் அடங்கிவிடும். கால்வாய்க் கரைகளுக்கும் சாலைகளுக்கும் அது உதவியது. ஆனால் தாங்குசுவருக்குப் பின்னால் சரளையோ மணற்பாங்கான மண்ணோதான், தண்ணீர் வடிய ஓட்டைகளும் வேண்டும். அந்த ஓட்டைகளை அடைத்துப் பெயின்ட் அடிக்கும் திருப்பணியை எந்தப் பொறியியல் புத்தகமும் முன்கூட்டிப் பார்க்கவில்லை.

தொட்டிக்குத் திரும்பிய கூழில் மணலைப் பிரித்துவிட்டு அடுத்த குழிக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் சிமென்ட்டைச் சேர்த்துக்கொண்டு வரும். சிமென்ட்டின் கால்சியம், கட்ச்சில் சோடா உப்பு போட்டு ஏற்றிய சோடியத்தைத் துரத்திவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். கூழ் திரியத் தொடங்கும், காரம் ஏறும், புனலில் விநாடிக் கணக்கு தாறுமாறாகும். அப்போது அதற்கு ஓய்வு. கால்சியம் ஏறிய அந்தக் களி இப்போது, கனிமக் கணக்கில் பார்த்தால், சுற்றியிருக்கும் கரிசலுக்கு முன்னைவிட நெருங்கிய சொந்தம்.

சொந்தம் என்பதற்காகக் காட்டில் கொட்ட முடியாது. சிமென்ட்டுக் காரத்தோடு மண்ணின் கண்ணை அடைத்துவிடும், விதை முளைக்காது. ஓடையில் விட்டால் கண்மாய்க்குப் போய் மடையில் படியும். குழி வெட்டி வெயிலில் வற்றவைத்து, கட்டியானதும் அள்ளி, அனுமதித்த இடத்தில் கொட்ட வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனை. இரவோடு இரவாக டேங்கரில் ஏற்றி ஆளில்லா ஓடையில் திறந்துவிடுவதும் இந்தத் தொழிலில் நடப்பதுதான். இப்போது பாலிமர் கூழ் வந்திருக்கிறது. ஒரு கன மீட்டருக்கு ஒரு கிலோ வாக்கில் போதும், வேலை முடிந்ததும் சுலபமாகப் பிரிந்துவிடும் என்கிறார்கள் விற்பவர்கள். கிலோ விலையைக் கேட்டதும் சின்ன ஒப்பந்தக்காரர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். அடுத்த ஓடைப் பாலத்துக்கும் கட்ச் லாரிக்குத்தான் சொல்லியிருக்கிறது; அந்தக் காட்டுக்காரர் இந்தத் தடவை, வற்றவைக்கும் குழியைத் தன் வரப்பிலிருந்து எத்தனை அடி தள்ளி வெட்டுவார்கள் என்பதை முதலிலேயே எழுதிக் கேட்டிருக்கிறார்.